சித்திரை வெயிலில் சுண்ணாம்புக் காரை பூசலாமா?

கேள்வி: காரைக்குடிக்கு அருகே என் மாமனார் விட்டுச்சென்ற பழைய வீட்டை நானும் கணவரும் தை மாதம் முதல் செப்பனிட்டு வருகிறோம். ஓடு மாற்றி முடித்தாயிற்று. ஆனால், முன்பு யாரோ சிமெண்ட் பூசிய முற்றத்துச் சுவர் உப்புப் பூத்து, கை பட்டாலே பொரிப்பொரியாக உதிர்கிறது. மறுபடியும் சிமெண்ட்தான் என்கிறார் கொத்தனார். சுண்ணாம்புக் காரைக்கு இது ஏற்ற பருவமா?

மறுமொழி 1: சிமெண்ட் வேண்டாம், அம்மா. பழைய செங்கல் சுவர் உறிஞ்சும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று இறுகுவதால், இந்த வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிப்பு விடும். ஆகவே நிழல் விழும் பக்கமாகத் தொடங்கி, ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். கடுக்காய் ஊறிய நீர் சேர்ப்பது நம் பக்கத்து வழக்கம்.

மறுமொழி 2: தரையில் ஆத்தங்குடிக் கல் இருந்தால் ஆசிட் ஊற்றிக் கழுவ விடாதீர்கள், அது சூளையில் சுடாமல் நீரில் பதப்படுத்திய சிமெண்ட் கல், நிறம் போய்விடும். எங்கள் வீட்டில் பட்ட பாடு இது.

கேட்டவர்: இருவருக்கும் நன்றி. கொத்தனார் வரும்வரை தினமும் விடியலில் கண்மாய்க் கரையில் நடக்கிறோம்; கொன்றை மஞ்சளாய்த் தொங்குகிறது, புங்கம்பூ பாதையெங்கும் பொரி போல் கொட்டிக் கிடக்கிறது. கொல்லை வேம்பும் பூத்திருக்கிறது. சாரம் கட்ட அதன் கிளையை வெட்ட வேண்டும் என்றார்கள், மறுத்துவிட்டோம். அதன் நிழல் விழும் சுவரில்தான் நாளை வேலை தொடங்குகிறது.