புதுப்பிப்பு: அம்மம்மாவின் விதைநெல் என்ன ஆனது?

2009 ஜனவரியில், இலங்கையின் இறுதிப் போரில், கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்து இடம்பெயர்ந்தபோது அம்மம்மா நகையை விட்டுவிட்டு மொட்டைக்கறுப்பன் என்கிற பாரம்பரிய நெல்லின் விதைநெல்லைச் சீலையில் முடிந்துகொண்டு போனதைப் போன கிழமை எழுதியிருந்தேன். அது முளைத்ததா என்று பலர் கேட்டீர்கள். மாமாவிடம் கேட்டேன்.

முளைக்கவில்லை. விதைக்கவே இல்லை.

மாரி மழையை நம்பி விதைக்கிற காலபோக நெல் முற்றி நின்ற நேரம் அது, வெட்ட அவகாசம் இல்லை, வரம்பில் இருந்த பிள்ளையாருக்கு ஒரு விளக்கு வைத்துவிட்டு, பழுத்திருந்த கதிரில் இரண்டு பிடி மட்டும் அறுத்து மூட்டையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறா. அந்தத் தைப்பூசத்துக்கு, செல் விழுகிற சத்தத்துக்கு நடுவே, தறப்பாள் கூடாரத்துக்குள் அந்தப் புது நெல்லைக் குத்திப் பொங்கிப் புதிர் எடுத்தாவாம்; புது அரிசியை முதன்முதலாகப் பொங்கிப் படைத்து உண்கிற சடங்கு அது. "வயல் இல்லாட்டியும் புதிர் நிக்கக்கூடாது" என்றாவாம். இதை மாமா சொன்னபோது என்னால் பேச முடியவில்லை.

முல்லைத்தீவுக் கரையோரத்து மாத்தளனில் சாப்பாடு இல்லாமல் போனதும் விதைநெல்லைத் தானே எடுத்துக் குத்திக் கஞ்சி காய்ச்சினா, பக்கத்துப் பங்கர் (பதுங்குகுழி) பிள்ளைகளுக்கும் கொடுத்து. விதைநெல்லைத் தின்பது கமக்காரருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று வயல் செய்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்த வவுனியா செட்டிகுளம் முகாம். கண்ணிவெடி அகற்றித் திரும்ப விட்டபோது வயல் முழுக்கப் பற்றைக்காடு. யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் ஒருவர் அதே மொட்டைக்கறுப்பனில் கொஞ்சம் கொடுத்தார். இப்போது எங்கள் வயலில் நிற்பது அந்த நெல்தான். பிள்ளையாரும் அதே வரம்பில்தான், ஒரு கை உடைந்தபடி. மாற்ற அம்மம்மா விடவில்லை.