குயீன் மேரி கப்பலின் அப்சர்வேஷன் பார்: போனவர்கள் எழுதுங்கள்

கலிஃபோர்னியாவின் லாங் பீச் போகிற நம்மவர்களில் பாதிப் பேர், அங்கே ஓட்டலாக நிற்கிற பழைய பிரிட்டிஷ் பயணிகள் கப்பலான குயீன் மேரியைக் கரையிலிருந்தே போட்டோ எடுத்துவிட்டு, இந்தியக் கடைத்தெரு உள்ள ஆர்டீசியாவுக்குத் தோசை சாப்பிடக் கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே, பயணிகள் உலாவுகிற ப்ராமனேட் தளத்தின் முன்கோடியில், அரைவட்டமாக ஒரு பார் இருக்கிறது. ஜன்னல் வழியே பார்த்தால் கப்பலின் முகப்பு தெரியும். 1936இல் முதல் பயணம் கிளம்பியபோது மேல் வகுப்புக்காரர்களுக்கு மட்டுமான இடம். இன்றைக்குக் கையில் காசிருந்தால் போதும்.

நான் குடித்ததைவிட அண்ணாந்து பார்த்ததுதான் அதிகம். பாருக்கு மேலே ஒரு நீள ஓவியம்: ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்து 25 ஆண்டு ஆனதை 1935இல் லண்டன் தெருவில் கொண்டாடுகிறார்கள். பலதரப்பட்ட ஜனங்களும் கைகோத்து ஆட்டம். அந்த ஜனத்தில் பலர் நிஜத்தில் வந்திருந்தால் வாசலைத் தாண்டியிருக்க முடியாது! கப்பல் ஓடத் தொடங்கும் முன்பே ராஜாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். வரைந்தவர் ஏ. ஆர். தாம்சன், காது கேளாதவர். 1948 ஒலிம்பிக்கில் ஓவியத்துக்குத் தங்கம் வாங்கினார். அந்தக் காலத்தில் ஒலிம்பிக்கில் ஓவியப் போட்டியும் உண்டு. அந்த வருடத்தோடு சரி.

—

மேலே எழுதியவர் சொன்ன ஓவியத்தை நான் சரியாகக் கவனிக்கவில்லை. என் கவனமெல்லாம் அப்பா மேல்தான். தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குடிக்க மாட்டார். ஆரஞ்சு ஜூஸை வைத்துக்கொண்டு, "ஏல, கப்பல் கொஞ்சங்கூட அசைய மாட்டேங்கு?" என்றார். தண்ணீரில்தான் மிதக்கிறது, சுற்றிலும் பாறைக்கரை கட்டியிருக்கிறார்கள் என்றேன். அடுத்த கேள்வி, பாய்லர் எங்கே? 1967இல் இங்கே கொண்டுவந்த பிறகு ஓட்டலாக மாற்றும்போது எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள் என்று சொன்னதும் முகம் சுண்டிவிட்டது. "பொறவு இது என்ன கப்பல்?" அப்படிச் சொன்னவர்தான் இருட்டுகிற வரை எழுந்திருக்கவே இல்லை. ஜன்னலோர நாற்காலி, அதை விட்டுக்கொடுக்க மனசில்லை.

—

விலையையும் யாராவது சொல்லுங்களேன். காக்டெயில் ஒன்றுக்குக் கொடுத்ததில் ஊரில் நாலு பேர் வயிறாரச் சாப்பிடலாம். பார்க்கிங் தனி.

இந்தக் கப்பலில் பேய் உலாவுவதாக ஒரு பேச்சு உண்டு, அந்தக் கதை கேட்கப் போகிறவர்களுக்கு: பார் கவுண்டரில் நின்றிருந்தவரிடம் "நீங்கள் எதையாவது பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். எத்தனை ஆயிரம் தடவை கேட்ட கேள்வியோ! கிளாஸைத் துடைத்துக்கொண்டே, பில் கட்டாமல் மறைந்துபோனவர்களைத்தான் பார்த்திருக்கிறேன் என்றார். டிப்ஸ் கூட வைத்துவிட்டு வந்தேன். 2020இல் மூடிய கப்பல் 2023இல்தான் மறுபடி திறந்தது. இவரைப் போன்றவர்கள் திரும்பி வந்ததே பெரிய விஷயம்.

—

முதலில் எழுதியவன்தான். விலை விஷயத்தில் மறுப்பில்லை. ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு மெதுவாக உட்காருங்கள், யாரும் விரட்டவில்லை. மேல் வகுப்பு பற்றி எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். போர்க்காலத்தில் இதே கப்பலுக்குச் சாம்பல் நிறம் அடித்துப் படைவீரர்களை ஏற்றினார்கள். 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் 16,683 பேர். சொகுசு அறைகளிலெல்லாம் அடுக்குக் கட்டில், தண்ணீர் வடித்த நீச்சல் குளத்திலும் கட்டில்தான். ஓவியத்தில் ஆடுகிற மாதிரி ஆட்கள் மேல் வகுப்புப் பகுதிக்குள் வந்தது அப்போதுதான், அதுவும் சண்டைக்குப் போக.