துணிக்கடைப் படியில் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது, 10,000 ரூபாய் வாங்கிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. இனி ஏதாவது செய்ய முடியுமா?

வைகைக்கரை:

வணக்கம். பன்னிரண்டு நாள் முன்பு தங்கை கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க மதுரையில் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போயிருந்தோம். மூன்றாவது மாடியில் பட்டு எடுத்து பில் போட்டோம், பில்லில் மாலை 6.12 என்று நேரம் இருக்கிறது. லிஃப்ட்டில் கூட்டம், அதனால் படியில் இறங்கினோம். திருப்பத்தில் ஒரு அக்கா சோப்புத் தண்ணீர் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பளபளவென்று கிரானைட் படி, குறுக்கே ஒரு கயிறு இல்லை, பலகை இல்லை. அம்மா கால் வைத்ததுதான் தெரியும், நாலு படி சறுக்கிப் போய் விழுந்தார். வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், ஒவ்வொரு படிக்கும் அம்மா கத்தியது இன்னும் காதிலேயே இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இதுவரை 2,35,000 ரூபாய் செலவு. அம்மாவுக்கு 61 வயது, வீட்டு வேலை முழுக்க அவர்தான், அதோடு தெருவுக்கே இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவர். இப்போது வாக்கர் பிடித்துத்தான் பாத்ரூம் போகிறார்.

நாங்கள் செய்த தப்பு இரண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே கடை மேனேஜர், "கடைப் பேரைச் சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடும், உங்களுக்குத்தான் அலைச்சல், வீட்ல விழுந்ததா சொல்லிடுங்க, செலவை நாங்க பாத்துக்கிறோம்" என்றார். பதற்றத்தில் அப்படியே சொல்லிவிட்டோம், டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அப்படியே ஏறிவிட்டது. மூன்றாம் நாள் வார்டுக்கே வந்து 10,000 கொடுத்து, "கடையில் தவறி விழுந்தமைக்கு மனிதாபிமான உதவியாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வவுச்சரில் தம்பியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தம்பி அதை போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான். அதன்பிறகு மேனேஜர் போனே எடுப்பதில்லை.

கையெழுத்துப் போட்டதால் எல்லாம் முடிந்ததா? பில் தம்பி பேரில் இருக்கிறது, அதனால் அம்மா கேட்க முடியாதா?

தல்லாகுளம்_வக்கீல்:

சகோதரி, முதலில் கேமரா. மற்றதெல்லாம் அப்புறம். கடை கேமராப் பதிவு பல இடங்களில் 15 நாள், 30 நாளில் தானாக அழிந்து மேலே புதிது ஏறிவிடும், உங்களுக்கு ஏற்கெனவே பன்னிரண்டு நாள் போய்விட்டது. இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள்: இந்தத் தேதி, மாலை 6 முதல் 7 வரை, படிக்கட்டுப் பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும், அழித்தால் அதையே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளக் கோருவோம். ஸ்பீட் போஸ்ட், மெயில், மேனேஜரின் வாட்ஸ்அப், மூன்றிலும் அனுப்புங்கள். நீல டிக் விழுந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அந்த வவுச்சரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் "வீட்டில்" என்று இருப்பதுதான் உங்கள் வழக்கின் பெரிய ஓட்டை, கடைக்காரர் வக்கீல் முதலில் அதைத்தான் நீட்டுவார். அந்த ஓட்டையை அடைப்பது கடைக்காரரே எழுதி வாங்கிய இந்தக் காகிதம். "கடையில் தவறி விழுந்தமைக்கு" என்று அவர்களே எழுதியிருக்கிறார்களே! அந்த போட்டோவை இரண்டு மூன்று இடத்தில் சேமித்து வையுங்கள். 'இனி கோரிக்கை இல்லை' என்ற வரியைப் பொறுத்தவரை, இன்ஷூரன்ஸ் வவுச்சர் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது, ஏமாற்றியோ நெருக்கடியைப் பயன்படுத்தியோ வாங்கிய கையெழுத்து நுகர்வோர் புகாருக்குத் தடை ஆகாது என்று. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், வார்டில், அதுவும் அடிபட்டவரிடம் இல்லாமல் மகனிடம் வாங்கியது. இதை விரிவாக எழுத வேண்டும். 10,000 வாங்கியதை மட்டும் மறைக்காதீர்கள், அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

பில் தம்பி பேரில் இருப்பது பெரிய தடை இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நுகர்வோர்' என்றால் பணம் கொடுத்தவர் மட்டும் இல்லை, அவர் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் சேவையின் பயனை அடைபவரும் உண்டு. அம்மா, தம்பி இருவரும் சேர்ந்தே புகார் கொடுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம். எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து இல்லை, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்து. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே நடத்தலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் பதியலாம். கெடு 2 ஆண்டு. பில்லின் அடியில் "வழக்குகள் சென்னை நீதிமன்றத்துக்கு உட்பட்டவை" என்று அச்சடித்திருந்தாலும் கவலை வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போட இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது.

பைபாஸ்ரோடு_அப்பா:

வக்கீல் சார் கேமரா பற்றிச் சொன்னதை நான் அனுபவித்தவன். மூன்று வருஷம் முன்பு ஒரு வணிக வளாகத்தில் குழந்தைகள் விளையாடும் இடத்தில் என் மகன் கை மடங்கி மணிக்கட்டு உடைந்தது, மெத்தை விரிப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தரை. நான் நிதானமாக மாதக் கடைசியில் போய்க் கேட்டேன், பதிவு போய்விட்டது என்றார்கள். நல்லவேளை, மனைவி எதேச்சையாக எடுத்த ஒரு வீடியோவில் வெறும் தரை தெரிந்தது, அது ஒன்றுதான் எங்களைக் காப்பாற்றியது. டிக்கெட்டின் பின்னால் "நிர்வாகம் பொறுப்பல்ல" என்று போட்டிருந்ததைக் காட்டி வாதாடினார்கள், எடுபடவில்லை.

அன்றைக்கு நீங்கள் யாராவது கல்யாணப் புடவை என்று போட்டோ, வீடியோ எடுத்தீர்களா? உறவினர் போன்களையும் தேடச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸில் போயிருந்தால் கூப்பிட்ட நேரம் போனில் இருக்கும், ஆட்டோ என்றால் அந்த டிரைவரைப் பிடியுங்கள். அம்மாவின் செருப்பைக் கழுவாமல் எடுத்து வையுங்கள், அதில் குறை சொல்லத்தான் முதலில் வருவார்கள்.

கணக்குப்பிள்ளை_67:

மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைக்காரர் புடவை விற்றார், புடவையில் குறை இல்லை. படியில் விழுந்தது எப்படி சேவைக் குறைபாடு ஆகும் என்று கேட்பார்கள். துடைத்துக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தும் ஏன் கால் வைத்தார் என்றும் கேட்பார்கள். இரண்டுக்கும் பதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள், தேதிக்கு மேல் தேதி போவதற்கும் மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

தல்லாகுளம்_வக்கீல்:

ஐயா கேட்டது சரியான கேள்வி. வாடிக்கையாளரை மூன்று மாடி ஏற்றிப் பில் போட்டு இறக்குகிற கடைக்கு, அந்த வழியைப் பத்திரமாக வைப்பதும் சேவையில் அடக்கம் என்பதுதான் நம் வாதம். 2019-ல் உச்ச நீதிமன்றம் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டல் வழக்கில், 'கார் உரிமையாளர் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சடித்துவிட்டதால் ஹோட்டல் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்றது. அது நிறுத்தக் கொடுத்த கார் திருடு போன விவகாரம், இருந்தாலும் 'நிர்வாகம் பொறுப்பல்ல' பலகைகளுக்கு எதிராக நன்றாக உதவும்.

ஆணையம் இது எங்கள் வரம்பில் வராது என்று சொன்னால்கூட சிவில் கோர்ட்டில் கவனக்குறைவுக்கான நஷ்டஈட்டு வழக்கு போடலாம், அங்கே எதுவும் வாங்காத வாடிக்கையாளர்கூடக் கேட்கலாம். என்ன, கோர்ட் கட்டணம் கேட்கும் தொகைக்கு ஏற்பக் கட்ட வேண்டும். ஆணையத்தில் செலவான காலத்தைக் கெடுவில் கழிக்கக் கோரலாம். பெண் என்பதால் அம்மாவுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார், 15100-க்குக் கூப்பிடுங்கள்.

அம்மாவும் கவனிக்கவில்லை என்று நிரூபித்தால் தொகையைக் குறைக்கலாம், அதற்காக ஒரேயடியாக இல்லை என்று ஆகிவிடாது. எதிர்த்தரப்பு நோட்டீஸ் கிடைத்து 30 நாளில் பதில் தர வேண்டும், மேலே 15 நாள் நீட்டிக்கலாம், அதற்குப் பிறகு ஒரு நாள்கூடக் கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. 3 மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது, நடைமுறையில் ஒன்றிரண்டு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இழப்பீடு கேட்கும்போது ஆஸ்பத்திரி பில்லோடு நிறுத்திவிடாதீர்கள். பிசியோதெரபி, உடனிருந்து பார்ப்பவர் செலவு, வலி, மாவு வியாபாரம் போனது, அப்புறம் வீட்டு வேலை. குடும்பத் தலைவியின் உழைப்புக்கு மாதம் 3,000 என்று 2001-லேயே ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் கணக்குப் போட்டது, 2021-லும் அந்த உழைப்புக்கு வருமானம் கணிப்பதை வலியுறுத்தியது. மாவு வாங்கும் நாலு வீட்டாரிடம் எழுதி வாங்குங்கள்.

வைகைக்கரை:

வக்கீல் சார், பைபாஸ் ரோடு அண்ணா, ஐயா, எல்லோருக்கும் நன்றி. கடிதம் மூன்று வழியிலும் போய்விட்டது. சித்தி எடுத்த ஒரு போட்டோவில் பின்னால் துடைத்தவரின் நீல வாளி தெரிகிறது! போலீஸிலும் புகார் கொடுக்கலாமா? எனக்கு ஒரே உறுத்தல், அந்தத் துடைத்த அக்காவின் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. விழுந்ததும் முதலில் ஓடிவந்து அம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டது அவர்தான்.

தல்லாகுளம்_வக்கீல்:

கவனக்குறைவால் எலும்பு முறிந்தால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 125-ஆம் பிரிவில் குற்றம். புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சீட்டு) வாங்கலாம், வீட்டில் விழுந்ததாக ஏன் சொன்னீர்கள் என்பதை அதிலேயே உள்ளது உள்ளபடி எழுதிவிடுங்கள். ஆனால் கிரிமினல் வழக்கு என்று போனால் முதலாளி பேர் வராமல் துடைத்தவர் பேர்தான் எஃப்.ஐ.ஆரில் ஏறும், நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் புகாரை நிர்வாகத்தின் மேல் கொடுங்கள்: கடை நேரத்தில் படியை மறிக்காமல் துடைக்கச் சொன்னது, பலகை கொடுக்காதது, வீட்டில் விழுந்ததாகச் சொல்ல வைத்தது. ஆணையப் புகாரில் துடைத்த அந்தப் பெண்ணை எதிர்த்தரப்பாகச் சேர்க்கவே வேண்டாம், வேலையாள் வேலை நேரத்தில் செய்ததற்கு முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும். வாளி போட்டோவை வாட்ஸ்அப்பில் வந்தபடி விட்டுவிடாதீர்கள், சித்தி போனில் இருக்கும் அசல் கோப்பை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள், எடுத்த நேரம் அதில்தான் இருக்கும்.