டேப் சுற்றிய குழாயில் பாக்டீரியா அரிப்பு – யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. காவிரி டெல்டாவில் வயல்களுக்கு அடியில் போகும் ஒரு பழைய எரிவாயுக் குழாயின் பராமரிப்பில் இருக்கிறேன். ஸ்டீல் குழாய், மேலே பாலிஎத்திலீன் டேப். அரிக்காமலிருக்கக் குழாய்க்குக் கரண்ட் கொடுக்கும் கத்தோடிக் பாதுகாப்பும் ஓடுகிறது. காப்பர் சல்பேட் எலெக்ட்ரோடு வைத்துப் பார்த்தால் ஆஃப் பொட்டென்ஷியல் (கரண்டை நிறுத்திய கணத்தில் எடுக்கும் மின்னழுத்தம்) -880 மில்லிவோல்ட். -850 அல்லது அதைவிட நெகட்டிவாக இருந்தால் போதும் என்ற வழக்கமான கணக்கில் பாஸ்.

ஆனால் தோண்டிய இடத்தில் டேப் தொளதொளவென்று கிடந்தது. அடியில் தண்ணீரும் கறுப்பான பிசுபிசுப்பும். துடைத்தால் பளபளக்கும் உலோகத்தில் கிண்ணம் கிண்ணமாகக் குழிகள். படிவில் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் அழுகிய முட்டை நாற்றம். அயர்ன் சல்பைடுதான். ஆக, சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும் பாக்டீரியா மேல்தான் சந்தேகம். தண்ணீர் கட்டிய களிமண்ணில் காற்று ஏது, காற்றில்லாமல் வாழும் அதுகளுக்குக் கொண்டாட்டம்தானே!

இந்த பாக்டீரியா இருந்தால் -950 வரை கொண்டுபோக வேண்டும் என்பது தெரியும். கரண்ட் கொடுக்கும் ரெக்டிஃபையரைக் கூட்டலாம். கூட்டி என்ன செய்ய? உரிந்த டேப்புக்கு அடியில் கரண்ட் சரியாகப் போய்ச் சேராது. -1200ஐத் தாண்டினால் மிச்சமிருக்கும் பூச்சும் கழன்றுவிடும் என்ற பயம் வேறு.

டேப்பை உரித்து, பிளாஸ்டிங் (துகள்களைப் பீச்சி உலோகத்தைச் சுத்தம் செய்வது) செய்து, லிக்விட் எபாக்ஸி பூச்சு அடித்தவர்கள் இங்கே உண்டா? நிலத்தடி நீர் ஊறும் குழியில் குழாயை எப்படிக் காய வைத்தீர்கள்? அப்புறம், டிசிவிஜி சர்வே (தரைமேலிருந்தே மண்ணின் மின்னழுத்த வேறுபாட்டை அளப்பது) பூச்சில் ஓட்டை உள்ள இடத்தைத்தான் காட்டுகிறது. ஓட்டையில்லாமல் உரிந்து கிடப்பதைத் தோண்டாமல் பிடிக்க என்ன செய்கிறீர்கள்? மண் மாதிரியைக் காற்றுப் படாமல் ஆய்வகத்துக்கு அனுப்பும் முறையும் தெரிந்தால் சொல்லுங்கள். அறுவடை முடிந்ததும் அடுத்த குழி தோண்டுகிறோம்.