கிளாக் 19: முன் சைட்டில் ஃபைபர் குச்சி நிற்பதே இல்லை, என்ன செய்வது?

ஹூஸ்டன்வாசி:
வணக்கம். அன்றாடம் இடுப்பில் வைத்திருக்கும் கைத்துப்பாக்கி, கிளாக் 19. குறிபார்ப்பதற்கு அதனுடன் வந்த பிளாஸ்டிக் சைட்டுகளைக் கழற்றிவிட்டு எஃகு சைட்டுகள் போட்டேன். முன்னால் வெளிச்சத்தை வாங்கி ஒளிரும் பச்சை ஃபைபர் குச்சி, பின்னால் வெறும் கறுப்பு. வெயிலில் அந்தப் பச்சைப் புள்ளி தானாகக் கண்ணில் வந்து விழுகிறது. ஆனால் குச்சி தங்குவதில்லை. சுடும் பயிற்சி ரேஞ்சில் எடுத்துப் பார்த்தால் வெறும் ஓட்டை. கடைக்காரர் புதிதாகச் செருகித் தந்ததும் விழுந்துவிட்டது. சூப்பர் க்ளூ விடலாமா, அல்லது இருட்டிலும் ஒளிரும் டிரிட்டியம் சைட்டுக்கே மாறிவிடுவதா?

இரும்புக்கண்:
க்ளூ வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கின் மேல் வெண்படலம் படியும், அடுத்த முறை குச்சியைக் கழற்றவும் முடியாது. அந்தக் குச்சி ஒட்டப்படுவதில்லை. இரு முனைகளையும் சூட்டில் உருக்கிக் காளான் தலைபோல் பரப்புவார்கள், அந்தத் தலைகள்தான் பிடித்துக்கொள்கின்றன. ஒரு தலை தேய்ந்தாலும் குச்சி நழுவிவிடும். இரண்டு விஷயம் சொல்லுங்கள். பிரேக் கிளீனர், அசிட்டோன் எதையாவது அடித்துத் துடைக்கிறீர்களா? ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, பழைய சைட் இருந்தபோது வாங்கியதா?

ஹூஸ்டன்வாசி:
சாதாரண துப்பாக்கி எண்ணெய் மட்டும்தான். ஹோல்ஸ்டர் பழையதே, கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக். இப்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே மேற்பக்கம் நேர்கோடாக ஒரு கீறல், அதன் முடிவில் பச்சைத் தூள் ஒட்டியிருக்கிறது!

இரும்புக்கண்:
திருடன் அகப்பட்டான். மாற்று சைட்டுகள் பல, கிளாக்குடன் வருவதைவிட உயரமானவை. உருவும்போதும் செருகும்போதும் உறை அந்தத் தலையைச் சீவுகிறது. உறையைச் சரிசெய்யாமல் எத்தனை குச்சி போட்டாலும் வீண்.

குச்சி மாற்றுவதற்குக் கடை தேவையில்லை. முதலில் தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, மேலே நகரும் ஸ்லைடை இழுத்து, குழலில் தோட்டா அமரும் சேம்பர் காலியா என்று கண்ணால் மட்டுமின்றி விரலாலும் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். ஓட்டையை அளந்து அதே தடிமனில் குச்சி வாங்குங்கள்; பெரும்பாலும் 1 அல்லது 1.5 மில்லிமீட்டர். நகவெட்டியால் சற்று நீளமாக நறுக்கி, ஒரு முனையை லைட்டர் சுடரின் பக்கவாட்டில் காட்டுங்கள். சுடர் தொடக்கூடாது, தொட்டால் கருகும். முனை தானாக உருண்டு விரியும். குச்சியை ஓட்டையில் செருகி, மறுபக்கம் இழுத்துப் பிடித்து, ஒன்றரை மில்லிமீட்டர் விட்டு நறுக்கி, அதையும் அப்படியே செய்யுங்கள். எண்ணெயோ கரைப்பானோ துடைத்த கையோடு நெருப்பைக் கொண்டுவராதீர்கள்.

டாலஸ் பெரியவர்:
தம்பி, இத்தனை பாடு எதற்கு? ஆபத்து இரவில்தான் வரும். ஃபைபர் வெளி வெளிச்சத்தை வாங்கித்தான் ஒளிரும், இருட்டில் அது வெறும் பிளாஸ்டிக். டிரிட்டியம் தானே ஒளிரும்.

இரும்புக்கண்:
ஒளிரும் ஐயா, ஆனால் அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், 12.3 ஆண்டு, பத்து வருடத்தில் மங்கிய விளக்குதான் மிஞ்சும். கும்மிருட்டில் எதிரே நிற்பது திருடனா வீட்டுப் பிள்ளையா என்று தெரியாமல் சுடக்கூடாது, அதற்கு டார்ச் வேண்டும். டார்ச் அடித்தால் முன் சைட்டின் கறுப்பு வடிவமே போதும். நாம் இருட்டிலும் எதிராளி விளக்கடியிலும் நிற்கும் இடத்தில், கார் நிறுத்துமிடம் மாதிரி, நீங்கள் சொல்வது சரி; அங்கே டிரிட்டியத்துக்குத்தான் வெற்றி. இரண்டும் வேண்டுமென்றால் ட்ரூக்ளோ டிஎஃப்எக்ஸ் மாதிரி, ஃபைபரையும் டிரிட்டியத்தையும் ஒரே கூட்டுக்குள் அடைத்தவை இருக்கின்றன. குச்சி வெளியே தெரியாது, உரசாது. ஆனால் பழுதானால் வீட்டில் மாற்ற முடியாது.

என் கணக்கில் ஃபைபர் இடுப்புத் துப்பாக்கிக்குத் தகும். குச்சி விழுந்தாலும் எஃகுத் தூண் அங்கேயேதான் நிற்கிறது. குறி மாறாது, நிறம்தான் போகும். மாறாக, சைட் முழுவதுமே பிளாஸ்டிக்காக இருந்தால் நான் தொடமாட்டேன்.

ஹூஸ்டன்வாசி:
மிக்க நன்றி. உறையின் மேற்பகுதியை ஹேர் டிரையரால் இளக்கி விரிக்கலாமா?

இரும்புக்கண்:
அந்தச் சூடு போதாது, ஹீட் கன் வேண்டும். சைட் ஓடும் பாதையில் மட்டும் காட்டி, உள்ளே ஒரு மரக்குச்சியை வைத்து ஆறவிடுங்கள்; துப்பாக்கியை வைத்து வளைக்காதீர்கள். ட்ரிகரை மூடும் பகுதியில் சூடு படவே கூடாது. அங்கே தளர்ந்துவிட்டால் அந்த உறை குப்பைக்குத்தான்.