நைட்ரேஷனைப் பேட்ச்சிலிருந்து தொடர் ஓட்டத்துக்கு மாற்றிய அனுபவம்

எங்கள் பிளான்ட்டில் நைட்ரேஷனை (நைட்ரிக் ஆசிட்டால் மூலக்கூறில் நைட்ரோ தொகுதியைச் சேர்க்கும், வெப்பம் விடும் வினை) பல வருடம் பேட்ச் ரியாக்டரில்தான், அதாவது ஒரே தொட்டியில் தடவைக்கு ஒரு சரக்காக, ஓட்டினோம். தொட்டியைச் சுற்றிய ஜாக்கெட்டில் குளிர்ந்த பிரைன் (உப்புநீர்), மேலிருந்து மிக்ஸ்டு ஆசிட்டைச் (நைட்ரிக், சல்ஃப்யூரிக் கலவை) சொட்டுச் சொட்டாக விடுவது, டெம்பரேச்சர் ஏறினால் வால்வை மூடிவிட்டுக் காத்திருப்பது. வினை வேகமானதுதான், ஆனால் அந்த வெப்பத்தை ஜாக்கெட்டால் வெளியே இழுக்க முடியாது என்பதால் ஷிஃப்ட் முழுக்க ஆசிட் விட்டுக்கொண்டே இருப்போம். உள்ளே கலக்கும் அஜிடேட்டர் நின்றுவிட்டால் பெரிய பயம்: ஆசிட் தனியே அடியில் தங்கும், மறுபடி சுழலவிட்டால் தேங்கியது மொத்தமும் ஒரேயடியாக வினைபுரியும்.

சில ஆயிரம் லிட்டர் ரியாக்டரில் ஒரு கன மீட்டர் திரவத்துக்கு இரண்டு, மூன்று சதுர மீட்டர் குளிரூட்டும் பரப்புதான் கிடைக்கும். தொடர் ஓட்டத்தில் சரக்கு மெல்லிய வழிகளில் இடைவிடாமல் ஓடிக்கொண்டே வினைபுரியும்; 1 மி.மீ. விட்டமுள்ள குழாயில் அந்தப் பரப்பு 4000 சதுர மீட்டர். நாங்கள் போட்ட சிலிக்கான் கார்பைடு ரியாக்டரின் வழிகள் அதைவிட அகலம், ஆனாலும் டெம்பரேச்சர் கோடு போட்டதுபோல் நின்றது, உள்ளே இருப்பதும் சில லிட்டர்தான்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். ஸ்கிட் (ஒரே சட்டத்தில் பொருத்தி வரும் யூனிட்) கொடுத்தவர்கள் ரியாக்டரோடு நிறுத்திக்கொண்டார்கள். அடுத்து வரும் ஆசிட் பிரிப்பதும் கழுவுவதும் பழையபடி பேட்ச்தான், அதனால் நடுவில் ஒரு ஹோல்டு டேங்க். ஆசிட்டோடு கலந்த நைட்ரோ சரக்கு அதில் டன் கணக்கில் நின்றது! எதைக் குறைக்க இவ்வளவு செலவு செய்தோமோ அது வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது. இல்லாத பொருள் கசியாது என்று வேதித் தொழில் பாதுகாப்பு நிபுணர் ட்ரெவர் க்லெட்ஸ் 1978-லேயே எழுதினார். 1984-ல் போபாலில் கசிந்த மீதைல் ஐசோசயனேட்டும் விற்கிற சரக்கு இல்லை, அடுத்த படிக்காகத் தேக்கி வைத்த இடைநிலைப் பொருள். ஆசிட் பிரிக்கும் செட்லரையும் கழுவும் படியையும் தொடர் ஓட்டமாக்கி அந்த டேங்கை எடுத்த பிறகுதான் எனக்கு நிம்மதி. வெண்டரோடு பேசும்போது ரியாக்டரைவிட அதற்கு முன்னும் பின்னும் என்ன நிற்கிறது என்பதைத்தான் முதலில் கேளுங்கள்.

—

சார், உங்கள் அனுபவத்தைப் படித்தேன்; எங்கள் பிளான்ட்டிலும் தொடர் ஓட்டம்தான், ஆனால் எங்களிடம் அடைப்புதான் தலைவலி. வினையில் உப்பு வீழ்படிவாகும், குழாய் அடைத்து பிரஷர் ஏறி பம்ப் டிரிப் ஆகும். மெல்லிய குழாயை விட்டுவிட்டு, கலக்கி வைத்த சின்னத் தொட்டிகளை வரிசையாக இணைத்தோம், ஸ்லரி (திடத் துகள் கலந்த திரவம்) ஒழுங்காக ஓடுகிறது. பரப்பு குறைவுதான், ஆனால் எங்கள் வினையில் வெப்பமும் குறைவு. நிறுத்தும்போது முதலில் ரீஏஜென்டை நிறுத்தி, சால்வென்ட்டால் முழுக்கக் கழுவிய பிறகே பம்ப்பை அணைக்கிறோம். இந்த வரிசையை எழுதிக் கொடுத்தவர்கள் எங்கள் ஆபரேட்டர்கள்.