செலரிட்டிக்குக் கதழ்வு எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நீரியலில் அலை பரவும் வேகத்தைக் குறிக்கும் செலரிட்டி (celerity) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் உரையாடலில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: விரைவு, அலைவேகம், பரவுவேகம், அலைக்கதி. திறந்த கால்வாய்களில் நீரோட்டம் பற்றி நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் அத்தியாயத்தில் நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வாக்கியத்தில் இடறியது. அதனால் ஐந்தாவதாக ஒரு சொல்லை முன்வைக்கிறேன்: கதழ்வு. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

"வேகம் என்று நல்ல சொல் இருக்கும்போது இதற்கு எதற்குத் தனிச்சொல்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆங்கிலத்தின் பொது வழக்கில் செலரிட்டி என்பது ஸ்பீடுக்கு ஓர் ஏட்டு மாற்று, அவ்வளவுதான். ஒரு வேலை மிகுந்த செலரிட்டியோடு முடிந்தது என்றால் மளமளவென்று முடிந்தது என்று பொருள். அங்கே விரைவு போதும். குற்றவியலிலும் அப்படித்தான். தண்டனைக்கு அஞ்சிக் குற்றம் குறைய வேண்டுமானால் அதன் உறுதி, கடுமை, விரைவு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்பார்கள். அந்த மூன்றாவதுதான் செலரிட்டி. தண்டனை தாமதமில்லாமல் வர வேண்டும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-லேயே வாதாடினார். இங்கும் விரைவு என்று எழுதிவிட்டு மேலே போகலாம்.

நீரியலுக்கு வரும்போதுதான் சிக்கல். ஒரு கணக்கைப் பாருங்கள். கால்வாயில் 40 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடுகிறது. ஓட்டம் நொடிக்கு 1.2 மீட்டர். நடுவில் ஒரு மதகைச் சற்றே அசைக்கிறோம். நீர்மட்டத்தில் சின்னதாக ஒரு மேடு எழுந்து இரண்டு பக்கமும் கிளம்புகிறது. தண்ணீர் அசையாமல் நின்றிருந்தால் அந்த மேடு என்ன வேகத்தில் போயிருக்கும்? ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர். ஆனால் தண்ணீர் ஓடுகிறது. ஆகவே கரையில் நிற்பவருக்கு அந்த மேடு கீழ்நோக்கி 3.2 மீட்டரிலும் மேல்நோக்கி 0.8 மீட்டரிலும் போவதாகத் தெரியும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். 1.2 ஒரு வேகம். 2 ஒரு வேகம். 3.2, 0.8 இரண்டும் வேகங்கள். எல்லாம் ஒரே சமன்பாட்டில், ஒரே வரியில் வருகின்றன. ஆங்கில நூல்களில் முதலாவது வெலாசிட்டி, இரண்டாவது செலரிட்டி. வாசிப்பவருக்குக் குழப்பமே இல்லை. நான் தமிழில் எழுதிய முதல் வரைவில் இந்த ஒரு பத்தியில் மட்டும் வேகம் என்ற சொல் பதினொரு முறை வந்தது. இரண்டு நாள் கழித்து எடுத்துப் படித்தபோது எந்த வேகம் எது என்று எனக்கே பிடிபடவில்லை. எழுதியவனுக்கே இப்படியென்றால் முதன்முறையாகப் படிக்கும் மாணவர் என்ன செய்வார்?

நீரோட்டத்தின் வேகத்துக்கும் அலையின் செலரிட்டிக்கும் உள்ள விகிதம்தான் ஃபுரூடு எண். நம் கணக்கில் 0.6. அது ஒன்றைத் தாண்டிவிட்டால், அதாவது தண்ணீரின் ஓட்டம் அலையை முந்திவிட்டால், மதகில் நடந்த எதுவும் மேல்பக்கத் தண்ணீருக்கு எட்டாது. கால்வாயின் நடத்தையே மாறிவிடும் இடம் அது. அந்த இடத்தைச் சொல்லும் வாக்கியம் "வேகத்துக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம்" என்று அமைந்துவிடக் கூடாது.

அலைவேகம் என்று அடைமொழி சேர்த்தால் தீராதா என்று கேட்கலாம். முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆழிப்பேரலை (சுனாமி) பற்றிய பகுதிக்கு வந்தபோது மனம் மாறினேன். 4000 மீட்டர் ஆழக் கடலில் ஆழிப்பேரலை நொடிக்கு 198 மீட்டர் கடக்கிறது. மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல். "அலையின் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டர்" என்று படித்தவர்களில் பலர், கடல்நீரே அந்த வேகத்தில் ஓடி வருவதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அங்கே அலை அரை மீட்டர் எழுந்தால் நீர் நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டர்தான் நகரும். ஏறத்தாழ எறும்பு ஊரும் வேகம். ஓடுவது நீரின் வடிவம், நீர் அல்ல. நீண்ட வரிசையின் கடைசியில் ஒருவர் தள்ளினால் முன்னால் நிற்பவர் தடுமாறுகிறார், பின்னாலிருந்து யாரும் முன்னால் வந்துவிடவில்லை. அதே கதைதான். அலை என்றதும் நம் மனக்கண்ணில் வருவது நீர். அதனால் அலைவேகம் என்ற சொல் நீரின் வேகம் என்ற எண்ணத்தைத் தடுப்பதில்லை, தூண்டிவிடுகிறது. அலையில் இருக்கும் நீர்த்துளியின் வேகத்தையும் அலைவேகம் என்று ஒருவர் எழுதினால் தப்பென்று சொல்ல முடியாது.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு இந்தச் சொல்லின்மேல் இவ்வளவு அக்கறை வந்ததே அதனால்தான். அகலமான ஆற்றில், ஆற்றுப்படுகையின் உராய்வுதான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது என்றால், ஓட்டத்தின் வேகத்தைக் கணக்கிட உதவும் மேனிங் சூத்திரப்படி வெள்ளத்தின் முகடு நீரைவிட மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் விரைவில் கீழே இறங்கும். நீர் நொடிக்கு 1.5 மீட்டர் என்றால் முகடு 2.5 மீட்டர். 100 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் நீரின் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் வெள்ளம் வர பதினெட்டரை மணி நேரம் ஆகும் என்று நினைப்பார். அது பதினொரு மணி நேரத்திலேயே வந்து நிற்கும். ஏழு மணி நேர வித்தியாசம். இரண்டையும் வேகம் என்று எழுதி, எந்த வேகத்தை எடுப்பது என்பதை வாசகரின் ஊகத்துக்கு விட எனக்கு மனம் வரவில்லை.

திசைவேகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அலைத் திசைவேகம் என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள். திசைவேகம் ஒரு திசையன், அதாவது அளவோடு திசையும் உடையது. ஏதாவது ஒரு திசையில் அதன் கூறு எப்போதும் முழு அளவைத் தாண்டாது. அலை முகடு அப்படியில்லை. கரைக்கோட்டோடு 60 பாகைச் சாய்வான திசையில் ஒரு முகடு வருகிறது என்று வையுங்கள். அது கரையைத் தொடும் புள்ளியைக் கவனித்தால், கரையோரமாக அந்தப் புள்ளி முகட்டின் வேகத்தைப்போல இரு மடங்கில் ஓடும். கூறு முழுமையைவிடப் பெரியதாக இருக்கிறது! அப்படியானால் இது திசையன்களின் விதிப்படி நடக்கவில்லை. திசைவேகம் என்ற பெயரை இதற்கு வைப்பது பிழையான இயற்பியல். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தச் சொல்லை ஒதுக்கிவிடலாம் என்பேன்.

சரி, ஆங்கிலத்திலும் இந்தச் சொற்கள் பிறக்கும்போதே இப்படிப் பிரிந்திருந்தனவா என்றால், இல்லை. ஸ்பீடு என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் வெற்றி, செழிப்பு என்று பொருள். பயணம் கிளம்புகிறவரை வாழ்த்தும் காட்ஸ்பீடு என்ற சொல்லில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெலாசிட்டியும் செலரிட்டியும் இலத்தீனிலிருந்து வந்தவை. வெலாக்ஸ், செலர் இரண்டுக்கும் விரைவான என்றுதான் பொருள். ஆக்சிலரேஷனுக்குள் இருப்பதும் இதே செலர்தான். ஏறக்குறைய ஒரே பொருளில் கிடந்த சொற்களை, தேவை வந்தபோது அறிவியலாளர்கள் ஆளுக்கொரு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் இது இன்னும் தெளிவு: பொருள்களுக்கு வீத்தெஸ், அலைகளுக்கு செலெரித்தே.

நாமும் இதைச் செய்திருக்கிறோம். முடுகு என்ற பழைய சொல்லிலிருந்து தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முடுக்கம் என்று எடுத்தன, இலங்கையில் ஆர்முடுகல் என்று எடுத்தார்கள். இரண்டும் அழகான சொற்கள். ஆனால் ஸ்பீடு, வெலாசிட்டி இரண்டிலும்தான் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஸ்பீடு வேகம், வெலாசிட்டி திசைவேகம். இலங்கையில் ஸ்பீடு கதி, வெலாசிட்டி வேகம். ஆக, வேகம் என்ற ஒரே சொல் பாக்கு நீரிணைக்கு இந்தப்பக்கம் எண்ணளவு, அந்தப்பக்கம் திசையன். இந்த நிலையில் வேகம், கதி என்ற இரண்டில் எதை அடியாக வைத்து மூன்றாவது சொல்லை உண்டாக்கினாலும் ஒரு பக்கத்து மாணவர் தடுமாறுவார். அலைக்கதி என்பதை நான் ஏற்கத் தயங்குவதற்கு இதுவே காரணம். இரு பக்கமும் இதுவரை அறிவியலில் கைவைக்காத ஒரு சொல்தான் வேண்டும்.

பழந்தமிழில் விரைவுக்குச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. கடுமை, கடுப்பு என்றால் ஒரு காலத்தில் வேகம். இன்று கடுப்பு என்றால் எரிச்சல். ஒல்லை, வல்லை இரண்டும் வினையடைகளாகவே வாழ்ந்தவை, பெயர்ச்சொல்லாக நிற்கத் தடுமாறும். செலவு என்பது செல்லுதலைக் குறித்த அருமையான சொல், ஆனால் அதை இனிப் பணத்திடமிருந்து மீட்க முடியாது.

மிஞ்சுபவை இரண்டு. தொல்காப்பியத்தில் உரிச்சொற்களைப் பேசும் உரியியல் கதழ்வு, துனைவு என்ற இரண்டையும் ஒரே நூற்பாவில் சேர்த்து, இரண்டுக்கும் விரைவு என்று பொருள் சொல்கிறது. சங்கப் பாடல்களில் விரைந்தோடும் குதிரை கதழ்பரி. துனைபரி என்றும் உண்டு. இரண்டில் எது என்று நான் ஒரு வாரம் யோசித்தேன். துனைவு சொல்ல எளிது. ஆனால் ஒலியில் துணைவோடு மோதுகிறது. வகுப்பில் "அலைத்துனைவு" என்று ஆசிரியர் சொன்னால், பாதிப் பேர் மூன்று சுழி போட்டு எழுதுவார்கள். துணையலை ஏதோ ஒன்று என்று பொருளும் கொள்வார்கள். கதழ்வுக்கு அப்படிப்பட்ட பக்கத்து வீட்டுச் சொல் எதுவும் இல்லை. கதழ்தல் என்பதற்குச் சினத்தல் என்ற பொருளையும் அகராதிகள் தருகின்றன. மதகடியிலிருந்து சீறிக் கிளம்பும் அலைக்கு அந்தச் சாயல் பொருந்தியே வருகிறது.

தூய்மைக்காக இதைச் சொல்லவில்லை என்பதையும் தெளிவாக்கிவிடுகிறேன். வேகமும் கதியும் வடசொற்கள் என்பது எனக்கு ஒரு குறையே அல்ல. அவற்றைத் தூக்கிவிட்டுக் கதழ்வைக் கொண்டுவரச் சொல்லவில்லை. அவை செய்யாத ஒரு வேலைக்கு ஆள் தேடுகிறேன்.

பரவுவேகத்தைப் பரிந்துரைத்த நண்பர் வருத்தப்பட வேண்டாம். நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தீ பரவுகிறது, செய்தி பரவுகிறது, அலையும் பரவுகிறது; கேட்டவுடன் புரிகிறது. ஆனால் ஆங்கிலத்தில் பிராப்பகேஷன் வெலாசிட்டி என்று வேறொரு தொடர் இருக்கிறது, அதற்கு அச்சாகப் பொருந்துவது இதுவே. அதை அங்கேயே விடுவோம். கதழ்வு முதன்முறை வரும் இடத்தில் "அலை பரவும் வேகம்" என்று விளக்கமாக எழுதிக்கொள்ளலாம். புரியாத சொல் என்ற குறை ஒரே வரியில் தீர்ந்துவிடும். உந்தம் என்ற சொல்லையும் யாரும் பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டு வரவில்லை, பள்ளியில்தான் கற்றார்கள்.

வரையறையில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. கால்வாய்க் கணக்கில் கதழ்வை நிற்கும் நீரை ஒப்பிட்டு அளந்தோம். வெள்ள முகட்டின் கதழ்வைக் கரையை ஒப்பிட்டு அளக்கிறோம். ஆங்கில நூல்களும் இரண்டையும் செலரிட்டி என்றுதான் எழுதுகின்றன. ஆகவே "நீர் நகர்வதை அல்ல, நீரில் ஏற்பட்ட மாற்றம் நகர்வதைக் குறிக்கும் வேகம்" என்று பொதுவாக வரையறுத்து, எதை ஒப்பிட்டு அளந்தது என்பதை அந்தந்த இடத்தில் சொல்வதே சரி.

ஐன்ஸ்டைனின் சார்பியலில் செலரிட்டி என்ற இதே ஆங்கிலச் சொல்லுக்கு முற்றிலும் வேறு பொருள் உண்டு. பயணம் போகிறவரின் சொந்தக் கடிகாரத்தை வைத்து, வெளியே அளந்த தொலைவை வகுத்தால் வருவது அது. ஒளியின் வேகத்தில் 0.8 பங்கு வேகத்தில் போகிறவருக்கு இந்த அளவு 1.33 பங்கு ஆகிவிடும். ஒளியின் வேகம் இதற்கு வரம்பே அல்ல. இங்கே அலையும் இல்லை, பரவலும் இல்லை. இதற்குக் கதழ்வைக் கொடுக்க வேண்டாம், தனியாகப் பேசுவோம்.

கூட்டுச்சொற்களில் ஓடவிட்டுப் பார்த்தேன்: அலைக்கதழ்வு, வெள்ளக்கதழ்வு, குழாய்க்குள் அழுத்த அலை பாய்வதற்கு அழுத்தக்கதழ்வு. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறேன், ருஷ்ய அறிவியலாளர் ஜுகோவ்ஸ்கி 1898-இல் தந்த விதி அது: "குழாயின் வால்வைச் சட்டென்று மூடினால் எழும் அழுத்தம், நீரின் அடர்த்தி, அழுத்தக்கதழ்வு, நின்றுபோன வேகம் ஆகிய மூன்றின் பெருக்கம். கதழ்வு நொடிக்கு 1000 மீட்டராக இருந்து, 1 மீட்டர் வேகம் நின்றுபோனாலே ஏறத்தாழ 100 மீட்டர் உயர நீரின் அழுத்தம் குழாயின் சுவரில் மோதும்." இந்த வாக்கியத்தில் கதழ்வையும் வேகத்தையும் இடம் மாற்றிப் படிக்க யாராலும் முடியாது என்று நம்புகிறேன். வேறு சொல்லை வைத்து இதே வாக்கியத்தை யாராவது இதைவிடத் தெளிவாக எழுதிக் காட்டினால், என் வரைவை மாற்றிக்கொள்கிறேன். இலங்கையில் நீரியல் படித்தவர்கள் வகுப்பில் இதற்கு என்ன சொல்லைப் பயன்படுத்தினார்கள் என்பதையும் எழுதுங்கள்.